தட்கல் நேரத்தில் ஒரு படுக்கை

திருச்சியிலிருந்து இரவில் கிளம்பி, ஸ்ரீரங்கத்தில் நின்று எழும்பூர் போகும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸுக்கு ஸ்லீப்பர் தட்கல் முதல் நாள் காலை 11 மணிக்குத் திறக்கிறது. வைகுண்ட ஏகாதசி முடிந்து ஊர் திரும்பும் நாட்களில் அந்த முதல் நிமிடம் பெரும் சோதனை. ஒரே படுக்கையைப் பலர் கேட்பார்கள். ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும்.

கேட்பவர்களைவிடப் பார்ப்பவர்கள் அதிகம். 2025 ஜூனில் ரயில்வே சொன்ன கணக்கில், நிமிடத்துக்கு சுமார் 32,000 டிக்கெட் பதியும் திறன். விசாரணைக்கோ 4 லட்சம். விசாரணைத் திறனை 40 லட்சத்துக்கு மேல் உயர்த்துவதும் அப்போது அறிவித்த புதிய முன்பதிவு அமைப்பின் இலக்கு.

இத்தனை கேள்விக்கும் முழுப் பட்டியலையும் புரட்டினால் எந்த சர்வரும் திணறிவிடும். கணினிக்கு முன்பு கவுன்ட்டர் எழுத்தர் இதற்கு வழி வைத்திருந்தார். ரயிலுக்கும் தேதிக்கும் தனித்தனி ரிஜிஸ்டர். 12-ஆம் தேதி கேட்டால் அந்த ரிஜிஸ்டர் மட்டுமே மேஜைக்கு வரும். டேட்டாபேஸில் இதையே பார்ட்டிஷன் என்கிறார்கள். பயணத் தேதிப்படி பிரித்துவிட்டால், முடிந்துபோன பயணங்களை மொத்தமாகக் கழற்றித் தனியே வைத்துவிடலாம். இன்றைய தேடல் அவற்றைத் தொடாது. உங்கள் பி.என்.ஆர். எண்ணின் முதல் இலக்கமும் இப்படியொரு பிரிவுதான்: 4 என்றால் அது சென்னை மையத்தின் டிக்கெட்.

பிரித்த பிறகு இண்டெக்ஸ், அதாவது தேடும் வரி எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணை. ரயில், தேதி, வகுப்பு மூன்றையும் சேர்த்து ஒன்று போட்டால் போதும் என்ற இடத்தில், ஆளுக்கொன்றாகப் பத்துப் போட்டு வைப்பவர்களே அதிகம். தேடல் வேகமாகும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு டிக்கெட்டும் பதிவாகும்போது அந்தப் பத்தையும் திருத்தியாக வேண்டும். நொடிக்கு நொடி மாறும் பட்டியலில் இது பெரிய சுமை. மிக முக்கியமானது பூட்டு: படுக்கையை ஒதுக்கும் அந்தக் கணத்துக்கு மட்டும் அந்த ஒரு வரியைப் பூட்ட வேண்டும். பயணி பணம் கட்டும் வரை பூட்டி வைத்தால் பின்னால் வரிசை நீளும்.

'காலி இருக்கிறதா' என்று பார்ப்பவருக்குச் சில நொடி பழைய நகலைக் காட்டலாம், தவறில்லை. டிக்கெட் கொடுக்கும்போது மட்டும் அசல் பட்டியலைப் பார்த்தே ஆக வேண்டும்.

திருச்சியில் மருத்துவமனைக்கும் ஜவுளிக் கடைக்கும் மென்பொருள் எழுதும் தம்பி, தங்கைகளே, புது சர்வருக்குப் பணம் கேட்குமுன் டேட்டாபேஸில் எக்ஸ்பிளெயின் (EXPLAIN) கட்டளையைப் போட்டுப் பாருங்கள். உங்கள் கேள்வி ஏறத்தாழ எத்தனை வரிகளைப் புரட்டும் என்று அது காட்டிக்கொடுக்கும்.