யாருக்கும் பெரும்பான்மை இல்லையென்றால்

மக்களவையில் 543 இடம். ஆட்சிக்கு 272 வேணும். எந்தக் கட்சிக்கும் அது கிட்டாவிட்டால் யாரை அழைப்பது? அரசியல் சட்டத்தின் 75ஆம் பிரிவு, பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்பதோடு சரி. மற்றதெல்லாம் மரபுதான்.

1989இல் நம்ம பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஆர். வெங்கட்ராமன் எண்ணிக்கையைப் பார்த்தார். 197 இடம் பெற்ற காங்கிரஸை முதலில் கேட்டார். ராஜீவ் காந்தி மறுக்கவே வி.பி. சிங் வந்தார். 1996இல் சங்கர் தயாள் சர்மா அதே வழியில் 161 இடம் பெற்ற பா.ஜ.க.வின் வாஜ்பாயை அழைத்தார். 13 நாளில் ராஜினாமா.

1998இல் கே.ஆர். நாராயணன் ஆதரவுக் கடிதங்களைக் கொண்டுவரச் சொன்னார். அ.தி.மு.க. கடிதம் தாமதமாக, டெல்லியே சென்னையைப் பார்த்துக் காத்துக் கிடந்தது. கையெழுத்து வாங்கிச் சரக்கு அனுப்புகிற எங்களுக்கு இந்த முறைதான் சரியென்று படும். ஆனாலும் கடிதம் பத்திரமாகாது. 1999 ஏப்ரலில் அதே கட்சி ஆதரவை விலக்கிக்கொள்ள, 269க்கு 270 என்று ஒரே ஓட்டில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது.