குறைமாதக் குழந்தை: டிஸ்சார்ஜ் ஆன பிறகு எங்கே போக வேண்டும்?

"ஏழு மாசத்துல பொறந்ததுங்க, எல்லாம் மெதுவாத்தான் வருமுங்க." கோவையில் உக்கடம், கோட்டைமேடு, கரும்புக்கடைப் பக்கம் குறைமாதக் குழந்தை உள்ள வீடுகளில் பாட்டிமார் சொல்லும் சமாதானம் இது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பிய பெற்றோர்தான், ஒன்றரை வயதில் கால் விறைத்துக் குதிகால் தரையில் படாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள்.

37 வாரம் முடியுமுன் பிறந்தால் குறைமாதம். அப்படிப் பிறந்த குழந்தையின் வளர்ச்சியை இரண்டு வயது வரை 'திருத்திய வயதில்' பார்க்க வேண்டும். 32 வாரத்தில் பிறந்து இன்று ஆறு மாதம் ஆகிறதென்றால், எட்டு வாரத்தைக் கழித்து நான்கு மாதக் குழந்தையாகக் கணக்கிட வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழிவு கிடையாது. அதைப் பிறந்த தேதிப்படியே போட வேண்டும்.

திருத்திய வயதிலும் தாமதம் தெரிந்தால் காத்திருப்பது தவறு. மூன்று மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்காதது, நான்கு மாதத்தில் தலை நிற்காதது, கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை எப்போதும் மூடியே வைத்திருப்பது, ஒன்பது மாதத்தில் பிடிமானமில்லாமல் உட்காராதது, ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டியாக வேண்டும். மூளை வேகமாக வளரும் இந்த மாதங்களில் தொடங்கும் பயிற்சிக்குத்தான் பலன் அதிகம். நடக்கவைக்க வாக்கர் வாங்குவது வீண்செலவு, ஆபத்தும்கூட.

கண்ணுக்குக் கெடு இன்னும் குறுகியது. 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்தால், 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். 1996இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29ஆம் வாரத்தில், 1,250 கிராம் எடையில் பிறந்த பெண் குழந்தைக்கு அந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை. பார்வை போய்விட்டது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் வழங்க உத்தரவிட்டது. பணம் வந்தது, கண் வரவில்லை. அவ்வளவு நடந்தும், "ஒரு மாதம் கழித்து வரவும்" என்று மட்டும் எழுதி அனுப்பும் டிஸ்சார்ஜ் தாள்கள் இன்றும் உண்டு. எதற்கு, எந்தப் பிரிவுக்கு என்று எழுத ஒரு நிமிடம் ஆகாது.

எங்கே போவது? திருச்சி சாலையில் உள்ள கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது. டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழி சொல்வார்கள். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் வரும் மையம் இது. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, செவித்திறன் சோதனை எல்லாம் இலவசம். தனியார் மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கும் உரிமை உண்டு. டிஸ்சார்ஜ் சுருக்கம், தாய்-சேய் நல அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், ஆதார் ஆகியவற்றை ஒரே பையில் எடுத்துப் போக வேண்டும்.

மருத்துவமனை ஆவணம் தர மறுத்தால் வாயால் கேட்டு அலைய வேண்டாம். எழுத்தில் விண்ணப்பித்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி.

மூளை முடக்குவாதம் உறுதியானால் மாற்றுத்திறனாளி சான்றும் யு.டி.ஐ.டி. எனும் தனித்துவ அடையாள அட்டையும் தேவை. இணையத்தில் விண்ணப்பிக்கலாம், முடியாதவர்கள் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலான 'நிராமயா' காப்பீட்டில் தெரபிச் செலவும் அடங்கும்.

திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கிறது: எடை ஏறிவிட்டது என்பதால் எல்லாம் சரியாகிவிட்டதாக அர்த்தமில்லை. வீட்டில் குறைமாதக் குழந்தை இருப்பவர்கள் இன்றே டிஸ்சார்ஜ் தாளை எடுத்து, கண், காது, வளர்ச்சி மூன்றுக்கும் பரிசோதனைத் தேதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று விட்டுப்போயிருந்தாலும் நாளைக் காலை ஓ.பி. நேரத்துக்கே போய் நிற்க வேண்டும்.