தவணை இருவருடையது, வீடு ஒருவர் பெயரில்

மும்பை செம்பூரில் கல்யாணமாகாத ஜோடி வாடகைக்குக் குடிபோனால், பெரும்பாலும் லீவ் அண்ட் லைசென்ஸ் பத்திரத்தில் ஒருவர் பெயர்தான் ஏறும். பாதி டெபாசிட்டும் வாஷிங் மெஷினும் இன்னொருவர் காசு. ஒன்றரை வருடத்தில் மனம் கசந்து பிரியும்போதுதான் அந்தப் பத்திரத்தைத் தேடி எடுக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் பொதுவாக 2 ஆண்டு சேர்ந்து வாழ்ந்தாலே சொத்தில் பங்கு கேட்கலாம். இந்தியாவில் தாலி கட்டிய மனைவிக்கே, கோவா நீங்கலாக, கணவன் வாங்கிய வீட்டில் பாதி கிடையாது. அப்புறம் மணமாகாமல் கூடி வாழும் துணைவிக்கு எங்கே?

அவளுக்கு இருப்பது 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். கொடுமை நடந்திருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் தங்க இடமும் ஜீவனாம்சமும் கேட்கலாம். பங்கு கேட்க முடியாது. அந்த இடமும் ஜீவனாம்சமும் கிடைக்கவே உறவு ‘திருமணத்தை ஒத்ததாக’ இருக்க வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து உச்ச நீதிமன்றம் போன ஒரு வழக்கில், அந்தப் பெண் சொன்னபடி சேர்ந்து வாழ்ந்தது இரண்டு மூன்று வருடம். குடும்ப நீதிமன்றம் கொடுத்தது மாதம் 500 ரூபாய். 2010 அக்டோபரில் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் டி.எஸ். தாக்கூரும் அந்த வழக்கில் நிபந்தனைகள் வகுத்தார்கள்: இருவரும் மணமாகாதவராக, ஊரறியக் கணவன் மனைவிபோல, கணிசமான காலம் வாழ்ந்திருக்க வேண்டும். கணிசம் என்றால் எத்தனை வருடம்? சொல்லவில்லை. குறுகிய உறவுகள் வழுக்கி விழுவது இங்கேதான். 2013-இல் வந்த இன்னொரு வழக்கில் 18 ஆண்டு வாழ்ந்தும் பலனில்லை. அந்த ஆள் ஏற்கெனவே மணமானவர், அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

ஆணுக்கும் ஆபத்து உண்டு. சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி பெயரில் ஃபிளாட் வாங்கினால் அது பினாமி இல்லை. துணைவி பெயரில் வாங்கினால் அந்த விலக்கு கிடைக்காது; ‘என் பணம்’ என்று வழக்குப் போட்டு மீட்பதும் கஷ்டம். மகாராஷ்டிராவில் மனைவிக்கு வீட்டைத் தானமாக எழுத முத்திரைக் கட்டணம் 200 ரூபாய். துணைவிக்கு அந்தச் சலுகை கிடையாது.

தாராவிக்காரர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மும்பையின் குடிசை மறுவாழ்வு விதிப்படி ஒப்பந்தம் குடிசைக்காரர், அவருடைய கணவர் அல்லது மனைவி, இருவர் பெயரிலும் போடப்படும். நல்ல விதி. ஆனால் பதியாமல் கூடி வாழ்பவளுக்கு அது உதவாது. 350 சதுர அடி வீடு கைக்கு வரும் நேரத்தில் அவள் வெறும் விருந்தாளி.

வாடகைப் பத்திரத்தில் இரண்டு பெயரையும் போடச் சொல்லுங்கள். ஜிபேயில் அனுப்பும்போது ‘வீட்டு டெபாசிட்’ என்று குறிப்பு எழுதுங்கள். ஃபிளாட் வாங்கினால் யாருக்கு எத்தனை சதவீதம் என்பதைக் கிரயப் பத்திரத்திலேயே ஏற்றிவிடுங்கள். கோபித்துக்கொள்கிற ஆளாக இருந்தால், கையெழுத்துக்கு முன்பே தெரிந்துவிடும்.