உல்ம் நகரத்துப் பெருங்கோயில்

ஜேர்மனியின் தென்பகுதியிலே, டானியூப் நதிக்கரையில் உள்ளது உல்ம் என்னும் பழம்பதி. அந்நகரின் நடுவே 161.53 மீற்றர் உயரமான கோபுரமொன்று எழுந்து நிற்கின்றது. அரசர் எவரும் அதனைக் கட்டுவித்தாரல்லர். மேற்றிராணியாரின் ஆசனமாகவும் அது விளங்கியதில்லை. நகரத்து மக்கள் தம் பொருளைக் கொடுத்து எழுப்பிய பங்குக் கோயில் அது.

முற்காலத்தில் அவர்களுடைய கோயில் நகர மதிலுக்கு வெளியே இருந்தது. 1376இல் பேரரசர் நான்காம் சார்ள்ஸின் படை நகரை முற்றுகையிட்டபோது, மக்கள் கோயிலுக்குச் செல்ல வழியின்றி வருந்தினர். ஆகவே, 1377ஆம் ஆண்டு யூன் 30ஆந் திகதி மதிலுக்குள்ளே புதிய கோயிலுக்கு அடிக்கல் நாட்டினர். அப்போது நகரத்தின் குடித்தொகை ஏறக்குறைய 10,000 மட்டுமே. 1392இல் பணியை ஏற்ற உல்ரிச் பொன் என்சிங்கென் என்னும் சிற்பாசாரியார், நடுமண்டபத்தை மேலும் உயர்த்தி, மேற்றிசையில் மாபெரும் கோபுரம் ஒன்றையும் வகுத்தார்.

கோதிக் சிற்பமுறையின் சிறப்பு பாரத்தைப் பங்கிடுவதிலே தங்கியுள்ளது. அரைவட்ட வளைவு பாரத்தைப் பெரிதும் பக்கவாட்டில் தள்ளும். கூர்வளைவோ அதனைக் கீழ்நோக்கிச் செலுத்தும். அதனாற் சுவரை உயர்த்திப் பெரிய சாளரங்களை அமைத்தல் எளிதாயிற்று. எனினும், மேலிருந்து இறங்கும் பாரம் முழுவதையும் இறுதியில் நிலமே தாங்கவேண்டும்.

உல்ம் கோயிலுக்கு வந்த இடர் இங்கேதான். 1492இல், மத்தேயுஸ் பொப்லிங்கர் பொறுப்பிலிருந்த காலத்தில், கோபுரத்தின் உட்புறத்திலிருந்து கற்கள் பெயர்ந்து விழுந்தன. உயர்ந்து வந்த கோபுரத்தின் பாரத்துக்கு அடித்தளம் போதவில்லை. பொப்லிங்கர் நகரை விட்டு நீங்கினார்.

பின்னர் வந்த புர்க்ஹார்ட் எங்கெல்பெர்க் மேலே கட்டுவதை விடுத்துக் கீழே கவனஞ் செலுத்தினார். கோபுரத்தின் அடித்தளத்தை வலுப்படுத்தினார். அகன்ற பக்கமண்டபங்கள் இரண்டின் நடுவேயும் மெல்லிய தூண்வரிசைகளை நிறுத்தி, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்தார். மூன்று மண்டபங் கொண்ட கோயில் இவ்வாறு ஐந்து மண்டபங் கொண்டதாயிற்று.

1530இல் நகரத்தார் வாக்களித்துச் சீர்திருத்தச் சமயத்தைத் தழுவினர். கோபுரம் ஏறக்குறைய 100 மீற்றர் உயர்ந்திருந்த நிலையில், 1543இல் பணி நின்றது. முந்நூறு ஆண்டுகள் அது முடியின்றியே நின்றது. 1844இல் வேலை மீண்டும் தொடங்கியது. நடுமண்டபச் சுவர்களை வெளிப்புறத்தே நின்று தாங்கும் சாய்வளைவுகள் அக்காலத்திலேயே அமைக்கப்பட்டன. கோபுரத்தின் அடித்தளமும் மறுபடி உறுதி செய்யப்பட்டது. பொப்லிங்கர் வரைந்து வைத்த படத்தைத் தழுவி, அதனினும் பத்து மீற்றர் கூட்டி, 1890இல் சிகரத்தை முடித்தனர்.

1944 டிசெம்பர் 17ஆந் திகதி விமானக் குண்டுவீச்சில் பழைய நகரின் பெரும்பகுதி அழிந்தபோதும், கோயில் பெருஞ் சேதமின்றித் தப்பியது. உலகத் தேவாலயங்களுள் மிக உயர்ந்தது என்ற பெருமை 2025 வரை அதற்கே இருந்தது. அவ்வாண்டிலே பார்சலோனா நகரத்துச் சக்ராதா பமிலியா அதனை விஞ்சியது. கோபுரத்தின் 768 படிகளையும் ஏற விரும்புவோர் இன்றும் பலர். கற்கள் விழுந்த பின்னர் எங்கெல்பெர்க் நிறுத்திய மெல்லிய தூண்களோ, அவர்கள் காலடியிலே, பக்கமண்டபங்களின் நடுவே, இன்றும் பாரந்தாங்கி நிற்கின்றன.