ஓட்டக் காலணி: மெத்தையா, சுருள்வில்லா?



விளையாட்டு விழா நெருங்கும் நாள்களில் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கிற்கு விடியற்காலையில் சென்று பாருங்கள். ஓடிப் பழகுவோரின் கால்களை மட்டும் கவனியுங்கள். சிலர் வெறுங்காலுடன் ஓடுவர். சிலர் பள்ளிக்கு அணியும் கேன்வாஸ் காலணியுடன் ஓடுவர். இன்னும் சிலர் தடித்த நுரை அடிப்பாகம் கொண்ட விலையுயர்ந்த காலணி அணிந்திருப்பர். கடையில் 500 ரூபாய்க்கும் ஓட்டக் காலணி உண்டு. 15,000 ரூபாய்க்கும் உண்டு. விலை முப்பது மடங்கானால் பாதுகாப்பும் வேகமும் முப்பது மடங்காகுமா? ஆகாது என்பது தெளிவு. அப்படியானால் காலணி உண்மையில் நமக்கு என்னதான் செய்கிறது? அப்பாவிடம் பணம் கேட்பதற்கு முன்பே இதற்கு விடை தெரிந்துகொள்வது நல்லது. அதற்கு நீங்கள் பள்ளியில் படித்த நியூட்டனின் விதிகளே போதும்.

தரை திருப்பி அடிக்கிறது

ஓடும்போது ஒரு கிலோமீட்டர் தூரத்தில் நம் கால்கள் ஏறக்குறைய 1000 முறை தரையில் விழுகின்றன. கால் தரையைத் தாக்கும் ஒவ்வொரு முறையும் தரை அதே அளவு விசையுடன் காலைத் திருப்பித் தாக்குகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. இந்தத் தாக்குதலில் இரண்டு கட்டங்கள் உண்டு. பாதம் தரையில் மோதி நிற்பது முதற்கட்டம். அது நூறில் சில பங்கு விநாடிக்குள் முடிந்துவிடும். உடல் முழுவதையும் கால் தாங்கி, மீண்டும் மேலே உந்தி அனுப்புவது இரண்டாம் கட்டம். காலணி இவ்விரண்டிலும் வெவ்வேறு விதமாக வேலை செய்கிறது. ஆகவே இரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கைகளைப் பின்னோக்கி இழுத்துக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். பந்தின் உந்தம் எப்படியும் சுழியாக வேண்டும். அதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை நீட்டினால் விசை குறையும். நுரை அடிப்பாகமும் இதையேதான் செய்கிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 50 கிலோ எடையுள்ள மாணவர் ஒருவர் குதிகால் முதலில் படும்படி ஓடுகிறார். மோதும் கணத்தில் திடீரென்று நிற்பது அவர் உடல் முழுவதும் அன்று. பாதமும் கீழ்க்காலும் சேர்ந்த ஒரு சிறு பகுதியே. அதைச் சுமார் 3.5 கிலோ என்று கொள்வோம். அது விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் கீழிறங்குகிறது என்க. உந்தம் 3.5 கிலோகிராம் மீட்டர்/விநாடி. 5 மில்லிமீட்டர் தூரத்திற்குள் சீராக நின்றால், அதற்கு ஆகும் நேரம் 0.01 விநாடி. விசை 350 நியூட்டன். நுரை கூடுதலாக அமுங்கி 15 மில்லிமீட்டரில் நிற்க விட்டால் நேரம் 0.03 விநாடியாகும். விசை ஏறத்தாழ 117 நியூட்டனாகக் குறைந்துவிடும். நிற்கும் தூரம் மூன்று மடங்கானால் விசை மூன்றில் ஒரு பங்காகிறது. காலணி மெத்தையாக இருப்பதன் பொருள் இதுதான்.

அப்படியானால் நுரை எவ்வளவு மென்மையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். பழைய இலவம்பஞ்சு மெத்தையில் படுத்தால் கட்டில் பலகை முதுகில் இடிக்கும் அல்லவா? மிக மென்மையான நுரையும் அப்படியே முழுவதும் அமுங்கித் தீர்ந்துவிடும். மேலும், காலடியில் மென்மை கூடினால் நம் கால் தானாகவே விறைப்பைக் கூட்டிக்கொள்கிறது. 2018ஆம் ஆண்டு பின்லாந்து ஆய்வாளர்கள் மிகத் தடித்த நுரைக் காலணியையும் சாதாரணக் காலணியையும் ஒப்பிட்டனர். வேகமாக ஓடும்போது தடித்த காலணியில்தான் மோதல் விசை அதிகமாக இருந்தது!

நுரையால் குறைக்க முடியாத விசை

இனி இரண்டாம் கட்டத்திற்கு வருவோம். ஓடும்போது ஓர் அடிக்கு 0.36 விநாடி ஆகிறது என்றும், அதில் 0.24 விநாடி கால் தரையில் இருக்கிறது என்றும் கொள்வோம். எஞ்சிய 0.12 விநாடி உடல் அந்தரத்தில் இருக்கிறது. ஆனால் புவியீர்ப்பு ஓய்வதில்லை, 0.36 விநாடியும் உடலைக் கீழே இழுக்கிறது. ஆகவே தரை தனக்குக் கிடைத்த 0.24 விநாடியில் முழுக் கணக்கையும் தீர்க்க வேண்டும். எனவே தரையின் சராசரி விசை உடல் எடையைப் போல் ஒன்றரை மடங்கு. அதன் உச்சம் இரண்டு மடங்கையும் தாண்டிவிடும். 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 1000 நியூட்டனுக்கும் மேல்.

15,000 ரூபாய்க் காலணி அணிந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. இந்த விசையைத் தாங்க வேண்டியவை உங்கள் எலும்பும் தசையுமே. பயிற்சியைச் சிறிது சிறிதாகக் கூட்டி அவற்றைப் பழக்குவதுதான் வழி. மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டுப் புதுக் காலணியை நம்பி முதல் நாளே எட்டுக் கிலோமீட்டர் ஓடினால், கால் வலிக்குக் காலணியைக் குறை சொல்ல முடியாது.

ஆற்று மணலும் ஆற்றல் கணக்கும்

தாமிரபரணியின் மணற்பரப்பில் ஓடிப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை தெரிந்திருக்கும். மணல் காலுக்கு மென்மைதான். ஆனால் விரைவில் மூச்சு வாங்கும். மணலில் ஓடக் கெட்டித் தரையில் ஓடுவதைவிடச் சுமார் 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது. மணல் நம் ஆற்றலை வாங்கிக்கொள்கிறது, திருப்பித் தருவதில்லை. மணற்துகள்கள் ஒன்றோடொன்று உராய்வதில் அது வீணாகிவிடுகிறது.

நுரை அமுங்கும்போது ஆற்றலைச் சேமிக்கிறது. விரியும்போது அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. மீதி வெப்பமாகிறது. காந்தப் பொருள்களைப் பற்றிப் படிக்கும்போது வரும் ‘தயக்கம்’ என்னும் பண்பு நுரைக்கும் உண்டு. அமுங்கும் பாதை ஒன்று, விரியும் பாதை வேறொன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட பரப்பே இழந்த ஆற்றல்.

1970களில் ஓட்டக் காலணிகளில் எத்திலீன் வினைல் அசிட்டேட் என்னும் நுரை புகுந்தது. சுருக்கமாக ஈ.வி.ஏ. என்பர். நுண்ணிய மூடிய அறைகளில் வாயு அடைபட்ட இலேசான பொருள் இது. இன்றும் பெரும்பாலான காலணிகளில் உள்ளது இதுவே. அந்தப் பத்தாண்டின் இறுதியில், விண்வெளித் துறையில் பணியாற்றிய பிராங்க் ரூடி என்னும் பொறியாளரின் யோசனைப்படி நைக்கி நிறுவனம் வாயு நிரம்பிய பைகளை அடிப்பாகத்தில் வைத்தது. அதே நிறுவனம் 2017இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மராத்தான் காலணியில் புதுவகை நுரையும் கார்பன் இழைத் தகடும் இருந்தன. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தார் சோதித்தபோது அது 87 சதவீத ஆற்றலைத் திருப்பித் தந்தது. அவர்கள் ஒப்பிட்ட பழைய பந்தயக் காலணி ஒன்று 66 சதவீதம் தந்தது. இத்தகைய காலணிகளால் போட்டியின் நேர்மை கெடும் என்ற வாதம் எழவே, 2020இல் உலகத் தடகள அமைப்பு சாலைப் போட்டிக் காலணியின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதித்தது.

இந்த வேறுபாடு நமக்கு எவ்வளவு? கணக்கிடுவோம். 1200 நியூட்டன் விசையில் நுரை 10 மில்லிமீட்டர் அமுங்கினால் அதில் சேரும் ஆற்றல் 6 ஜூல். 66 சதவீதம் என்றால் திரும்புவது 4 ஜூல். 87 சதவீதம் என்றால் 5.2 ஜூல். ஓர் அடிக்கு வேறுபாடு 1.2 ஜூல்.

இதனோடு உங்கள் காலையே ஒப்பிட்டுப் பாருங்கள். 1987இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, 70 கிலோ எடையுள்ள ஒருவர் வேகமாக ஓடும்போது குதிகாலின் பின்புறத் தசைநாண் 35 ஜூலும், பாதத்தின் வளைவு 17 ஜூலும் ஆற்றலைச் சேமிக்கின்றன. பெரும்பகுதியைத் திருப்பியும் தருகின்றன. எல்லாவற்றிலும் சிறந்த சுருள்வில் உங்கள் காலிலேயே இருக்கிறது. அதைக் கடையில் விற்பதில்லை. பயிற்சியால்தான் பெற முடியும்.

வெறுங்காலில் வென்றவர்கள்

1960இல் ரோம் ஒலிம்பிக் மராத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலுடன் ஓடித் தங்கம் வென்றார். நேரம் 2 மணி 15 நிமிடம் 16 விநாடி. 1964இல் டோக்கியோவில் காலணி அணிந்து ஓடி மீண்டும் வென்றார். நேரம் 2 மணி 12 நிமிடம் 11 விநாடி. நம் மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி தொடக்கத்தில் வெறுங்காலுடன் ஓடியவர். பின்னர் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4 × 400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார்.

வெறுங்காலுடன் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை முதலில் ஊன்றுகிறார்கள் என்று 2010இல் ஹார்வர்டு பேராசிரியர் டேனியல் லிபர்மன் குழுவினர் எடுத்துக்காட்டினர். அப்போது கணுக்கால் மடங்கிக் கொடுப்பதால் மோதல் தணிகிறது. காலணி இல்லாத மாணவர் எவரும் அதனால் தாழ்ந்தவர் அல்லர். ஆயினும் கண்ணாடிச் சில், கருவேல முள், சித்திரை வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலை ஆகியவற்றுக்கு முன் எந்தக் கால் நுட்பமும் செல்லாது. அங்கே காலணி தேவைதான். காலணியில் ஓடிப் பழகியவர் ஒரே நாளில் வெறுங்காலுக்கு மாறுவதும் கூடாது. கெண்டைக்கால் தசைக்கு அது புது வேலை.

வீட்டிலேயே ஒரு சோதனை

ஒரு கோலிக்குண்டும் அளவுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். 50 செ.மீ. உயரத்திலிருந்து குண்டை சிமெண்டுத் தரை, மணல், ரப்பர் செருப்பு, பழைய காலணியின் குதிகால் பகுதி ஆகியவற்றின் மீது விடுங்கள். எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று குறியுங்கள். எழும்பிய உயரத்தை 50ஆல் வகுத்தால் திரும்பிய ஆற்றலின் பங்கு கிடைக்கும். 20 செ.மீ. எழும்பினால் 40 சதவீதம். சிமெண்டுத் தரையில் குண்டு நன்றாகவே எழும்பும். ஆனால் அது மென்மையானதா? இல்லை. மணல் மென்மையானது; குண்டு எழும்புவதே இல்லை. மென்மை வேறு, ஆற்றலைத் திருப்பித் தருவது வேறு என்பது இதனால் விளங்கும். நல்ல நுரைக்கு இரண்டும் ஓரளவு வேண்டும்.

கடைக்குச் செல்லும்போது

1. மாலையில் செல்லுங்கள். நாள் முழுவதும் நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான்.

2. ஓடும்போது அணியும் காலுறையுடன் இரு கால்களிலும் போட்டுப் பாருங்கள். இரு பாதங்களும் ஒரே அளவாக இருப்பது அரிது. பெரிய பாதத்திற்குப் பொருந்துவதே உங்கள் அளவு. நிற்கும்போது நீண்ட விரலுக்கு முன்னே ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும். ‘வளரும் பிள்ளை’ என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் குதிகால் வழுக்கிக் கொப்புளம் வரும்.

3. காலணியை இரு முனையிலும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடியக்கூடாது.

4. நுரையின் பக்கவாட்டில் பெருவிரலால் அழுத்துங்கள். அமுங்கி உடனே பழைய நிலைக்கு வர வேண்டும்.

5. கடைக்குள்ளேயே பத்தடி ஓடிப் பாருங்கள். ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று சொன்னால் நம்பாதீர்கள். முதல் அடியிலேயே இதமாக இருப்பதே நல்ல காலணி.

வாங்கியபின்

இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டால் உப்பிப் புதிதாகும். அதே வழக்கத்தில் நனைந்த காலணியையும் மொட்டைமாடி வெயிலில் காயவைக்காதீர்கள். ஈ.வி.ஏ. நுரை வெப்பத்தில் சுருங்கும், பசையும் விட்டுப்போகும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். பாலியூரித்தேன் அடிப்பாகம் கொண்ட காலணியை விழாவுக்கென்று ஆண்டுக்கணக்கில் பெட்டியில் பூட்டி வைத்தாலும் பயனில்லை. காற்றின் ஈரத்தால் அது சிதைந்து ஒருநாள் தூளாகிவிடும்.

ஏறத்தாழ 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடியபின் நுரையின் அறைகள் தளர்ந்து மெத்தை கெட்டியாகும். மேற்புறம் புதிதாகவே தோன்றலாம். காலணியை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து, பக்கவாட்டில் நிரந்தரச் சுருக்கங்கள் விழுந்திருந்தால் அதன் ஓட்டக்காலம் முடிந்தது. நடப்பதற்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே நண்பர்களே, காலணி மெத்தையும்தான், சுருள்வில்லும்தான்; ஆனால் இரண்டிலும் சிறியது. உங்கள் பாதத்திற்குப் பொருந்தும் எளிய காலணி ஒன்று இருந்தால் போதும். விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன் கோலிக்குண்டுச் சோதனையைச் செய்து பாருங்கள். கிடைத்த அளவுகளை அட்டவணையாக்கி உங்கள் இயற்பியல் ஆசிரியரிடமும் உடற்பயிற்சி ஆசிரியரிடமும் காட்டுங்கள். இருவருக்குமே அதில் பேசுவதற்கு நிறைய இருக்கும்.