இருதயத் தமனியில் வலைக்குழலும் புண் ஆறும் விதமும்

அடைபட்ட இருதயத் தமனியை விரித்துத் தாங்குவதற்கு ‘ஸ்டென்ட்’ எனும் சிறிய உலோக வலைக்குழல் பொருத்தப்படுகிறது. 1986-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் தூலூஸ் நகரில் இது முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. குழல் விரியுங்கால் தமனியின் உட்சவ்வு சிதைகின்றது; சிகிச்சையே ஒரு புண்ணையும் உண்டாக்குகிறது எனலாம். அப்புண் ஆறும் விதம் குழலின் வகைக்கேற்ப மாறுபடும்.

மருந்து பூசாத வெற்று உலோகக் குழலைச் சில வாரங்களில் புதிய சவ்வு மூடத் தொடங்கிவிடுகிறது. ஆயின் புண் ஆறுவது அளவு மீறுவதும் உண்டு. சுவரின் தசையணுக்கள் பெருகி, நூற்றுக்கு 20 முதல் 30 பேர் வரை தமனி மீண்டும் குறுகக் காரணமாயின. இதனைத் தடுக்கவே சிரோலிமஸ் போன்ற மருந்தைச் சிறிது சிறிதாகக் கசியவிடும் குழல்கள் 2000-க்குப் பின் வழக்கிற்கு வந்தன. அம்மருந்தோ தசையணுக்களோடு சவ்வின் வளர்ச்சியையும் தாமதப்படுத்துகிறது. மூடப்படாத கம்பியின்மேல் தட்டணுக்கள் ஒட்டி, மாதங்கள் பல கடந்த பின்னும் திடீரென இரத்தம் உறையலாம். மெல்லிய கம்பிகளும் திருத்திய பூச்சும் கொண்ட பிற்காலக் குழல்களில் இவ்வபாயம் குறைந்துள்ளது, அறவே நீங்கவில்லை.

ஆஸ்பிரினுடன் மற்றொரு தட்டணுத் தடுப்பு மருந்தையும் பெரும்பாலோர்க்கு 6 முதல் 12 மாதங்கள் கொடுப்பது இக்காரணம் பற்றியே. நெஞ்சுவலி நீங்கியவர்க்கு மாத்திரை வீண் எனத் தோன்றுதல் இயல்பு. ஆனால் சவ்வு மூடியதா என்பதை வலியின்மை காட்டாது. பல் பிடுங்குவதற்காக நிறுத்த நேரினும் இருதய வைத்தியரை முன்னரே கேட்டல் வேண்டும்.