எத்தனை நாளுக்கு ஒரு பதிவு?

கடந்த ஆண்டு முதல் பருவம் முழுவதும் நாள் தவறாமல் பதிவிட்டேன். என் மூன்றாம் வகுப்பில் எந்தச் செயல்பாடு நடந்தாலும் ஒரு படம் எடுப்பேன். மாலைக்குள் அது முகநூலிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஏறிவிடும். குறுவள மையக் கூட்டத்தில் யாராவது "உங்க பதிவு பார்த்தேன் டீச்சர்" என்றால் மனம் குளிரும்.

ஒருநாள் கைப்பேசியில் சார்ஜ் இல்லை. வகுப்பில் வாய் திறக்காத மாணவன் ஒருவன் மேசையருகே வந்தான். "டீச்சர், இன்னைக்கு போட்டோ எடுக்க மாட்டீங்கல்ல? அப்ப நான் வாசிக்கட்டுமா?" என்றான். எழுத்துக்கூட்டி நான்கு வரிகள் வாசித்தான். இரண்டு இடங்களில் தவறினான், தானே திருத்திக்கொண்டான். வாசிக்கத் தெரியாதவர் பட்டியலில் அவன் பெயரை எழுதி வைத்திருந்தவள் நான். தப்பாக வாசிப்பது படத்தில் பதிந்துவிடும் என்று பயந்தே அத்தனை நாளும் பேசாமல் இருந்திருக்கிறான்.

அன்றுதான் இந்தக் கேள்வியை எனக்குள் கேட்டுக்கொண்டேன்: ஓர் ஆசிரியர் எத்தனை நாளுக்கு ஒருமுறை பதிவிட வேண்டும்?

தினமும் போட வேண்டும் என்ற எண்ணம் செயலியிடமிருந்து வருகிறது. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். மறுநாள் அந்த இடத்தை நிரப்பத் தோன்றும். முகநூல் நம் பதிவுகளை நேர வரிசைப்படி மட்டும் காட்டுவதில்லை. பார்ப்பவரை எது நிறுத்தி வைக்கும் என்று கணித்து, அதை முன்னே காட்டுகிறது. விளம்பரமே அதன் முக்கிய வருமானம் என்பதால், நாம் அங்கேயே இருப்பது அதற்குத் தேவை. நம் வகுப்புக்கு அப்படி ஒரு தேவை இல்லை.

வகுப்பின் வேகம் வேறு. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால், என் மாணவர்கள் பலர் 35 என்று எழுதினார்கள். ஒன்றாம் இடத்தில் 2-இலிருந்து 7-ஐக் கழிக்க முடியாததால், 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிடுகிறார்கள். ஈர்க்குக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கற்பித்தேன். முதல் நாளே படம் போட்டேன், விருப்பக்குறிகள் குவிந்தன. ஒரு வாரம் கழித்துக் குச்சி இல்லாமல் கணக்குக் கொடுத்தபோது, பலர் மீண்டும் 35 என்றே எழுதினார்கள்.

இந்த முறை அதையே பதிவாக எழுதினேன். எந்தத் தவறு வந்தது, என்ன செய்தேன், எது பலிக்கவில்லை என்று மட்டும் பத்து வரி. விருப்பக்குறிகள் குறைவு. ஆனால் வேறு ஒன்றியத்து ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "கட்டை யார் பிரிச்சது, நீங்களா, பிள்ளைங்களா?" என்று கேட்டார். நான்தான் பிரித்துக் காட்டியிருந்தேன். மறுநாள் பிள்ளைகளே ஒரு கட்டைப் பிரித்து, 12 ஒன்றுகளாக எண்ணி, அதிலிருந்து 7-ஐ எடுத்தார்கள். பிரித்த ஒவ்வொரு முறையும் நோட்டில் 4-ஐ அடித்து 3 என்று எழுதினார்கள். அதன்பின் 25 வரத் தொடங்கியது.

ஒரு முறையைச் செய்து பார்த்து, திருத்தி, பலனை அறிய எனக்கு இரண்டு வாரம் ஆகிறது. அதனால் இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு பதிவு. சொல்ல ஒன்றும் இல்லையென்றால் அதுவும் இல்லை. உங்கள் பாடத்துக்கு மாதம் ஒன்று பொருந்தலாம். இன்னோர் ஆசிரியர் நாளை தம் வகுப்பில் செய்து பார்க்கக்கூடியது அதில் இருந்தால் போதும்.

பாடவேளையில் கைப்பேசி பைக்குள் இருக்கும். கரும்பலகை, கற்றல் பொருள்கள், நோட்டுப் பக்கம் ஆகியவற்றைப் பிள்ளைகள் சென்றபின் படம் எடுக்கிறேன். நோட்டில் பெயர் தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன். முகங்கள் வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது. அவர்களது தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. பெற்றோர் சரி என்றாலும், பிள்ளைக்கு விருப்பமா என்பதை நாம்தான் கவனிக்க வேண்டும்.

அந்த மாணவன் இப்போது நான்காம் வகுப்பு. காலை வணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிக்கிறான். இடையில் தடுமாறினால் நின்று, திருத்தி, மேலே போகிறான். கைப்பேசியை எடுக்காமல் நின்று கேட்கிறேன்.